அறை எண் 215: 'ஹோட்டல் டஸ்க்' விளையாட்டைத் தேடிப் பிடித்து, நிதானமாக ஆடி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருவல்லிக்கேணியில் ஆண்கள் தங்கும் மேன்ஷன் ஒன்றில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். நீண்ட நடைகூடம், இருபுறமும் எண் எழுதிய கதவுகள், வாசலில் மேசை போட்டுப் பேரேட்டுடன் உட்கார்ந்திருக்கும் மேலாளர். எதிர் அறைக்காரர் இரவு பதினொரு மணிக்குமேல் ஹார்மோனியம் வாசிப்பார். அவர் ஏன் வாசிக்கிறார், பகலில் என்ன வேலைக்குப் போகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஒன்றரை ஆண்டு பிடித்தது. நான் துருவிக் கேட்டபோதெல்லாம் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஒருநாள் மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து ரசம் சாப்பிடும்போது, நான் ஒன்றும் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார்.

'ஹோட்டல் டஸ்க்: ரூம் 215' என்ற கையடக்க வீடியோ கேமை நான் இவ்வளவு நேசிப்பதற்கு அந்த நான்கு ஆண்டுகளே காரணம். துப்பாக்கி தூக்கவோ, குதிக்கவோ, ஓடவோ வேண்டியதில்லை. ஒரு விடுதி, ஒரே ஓர் இரவு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் வாய் திறக்க விரும்பாத ஒரு மனிதர். யாரிடம், எப்போது, எதைக் கேட்பது என்பதுதான் மொத்த ஆட்டமும். மடித்துத் திறக்கும் இரட்டைத் திரைக் கையடக்கக் கருவியான நிண்டெண்டோ டி.எஸ்.-க்காக 2007 ஜனவரியில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் இயங்கிய 'சிங்' என்ற சிறிய நிறுவனத்தார். ஜப்பானில் இதற்கு 'விஷ் ரூம்: தென்ஷி நோ கியோகு' என்று பெயர், 'விருப்ப அறை: தேவதையின் நினைவு' என்று பொருள் கொள்ளலாம். 2010 மார்ச்சில் அந்த நிறுவனம் திவாலானது. பதினைந்து கோடிக்கும் அதிகமாக விற்ற ஒரு கருவியில், மரியோவும் போக்கிமானும் நிற்கும் வரிசையில், இந்த விளையாட்டைப் பற்றிப் பேச நம் ஊரில் ஆள் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஆள் நீங்களாகலாம் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

கதையில் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். 1979 டிசம்பர் 28. கைல் ஹைட் நியூயார்க் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் தன் கூட்டாளி பிரையன் பிராட்லி துரோகம் செய்ததாக அறிந்து அவரைச் சுட்டார்; பிராட்லி ஹட்சன் ஆற்றில் விழுந்தார், உடல் கிடைக்கவே இல்லை. கைல் வேலையை விட்டார். இப்போது 'ரெட் கிரவுன்' என்ற நிறுவனத்தின் விற்பனையாளராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். விற்பனை என்பது பேருக்குத்தான். கூட்டாளியைத் தேடுவதே அவருடைய உண்மையான வேலை. அப்படி ஓர் அந்திப்பொழுதில் நெவாடாவில் உள்ள பழைய விடுதிக்கு வருகிறார். அவருக்குக் கொடுக்கப்படும் 215-ஆம் எண் அறை, தங்கியவரின் விருப்பத்தை நிறைவேற்றும் என்று பேச்சு. பேரேட்டில் கையெழுத்துப் போட்ட சற்று நேரத்திலேயே அவரை ஒரு செய்தி உலுக்குகிறது. அதை நீங்களே பாருங்கள்.

முதல் படி: எந்தக் கருவி

விளையாட்டைத் தொடங்கியதும் கருவியைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லும். இரண்டு திரைகளும் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்போல இடமும் வலமுமாக விரிந்து நிற்கும். நீங்கள் வலக்கையரா இடக்கையரா என்பதைப் பொறுத்துத் தொடுதிரையை எந்தப் பக்கம் வைப்பது என்று தேர்வு செய்யலாம். இந்தப் புத்தகப் பிடிப்பு வெறும் அலங்காரமல்ல. கருவியைத் திறக்கும்போது துப்பறியும் நாவலைத் திறக்கும் உணர்வு கையிலேயே வந்துவிடுகிறது. ஆகவே கருவியைத் தேர்வு செய்யும்போது இதை மனத்தில் வையுங்கள்.

என் முதல் தேர்வு 2006-இல் வந்த டி.எஸ். லைட். எடை 218 கிராம்தான். ஒரு மெல்லிய பாக்கெட் நாவல்போல விரல்களுக்குள் நிற்கும். கண்ணாடி போடாமல் சிறிய எழுத்தைப் படிக்கச் சிரமப்படுபவர்கள் டி.எஸ்.ஐ. எக்ஸ்.எல். பாருங்கள். திரைகள் 4.2 அங்குலம், எடை 314 கிராம், படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு நோகும். ஆனால் எழுத்து பளிச்சென்று தெரியும். இது பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டிய விளையாட்டு என்பதால் அது பெரிய விஷயம்.

3டி.எஸ். கருவியிலும் கேட்ரிட்ஜ், அதாவது விளையாட்டு பதிந்த சிறு அட்டை, ஓடும். ஆனால் அதன் இரு திரைகளும் வேறு வேறு அளவு. புத்தகத்தின் ஒரு பக்கம் பெரிதாகவும் மறு பக்கம் சிறிதாகவும் இருப்பதுபோல உறுத்தும். கையில் அதுதான் இருக்கிறதென்றால் தயங்காமல் அதிலேயே ஆடுங்கள். தொடங்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் படம் இழுபடாமல் கூர்மையாக வரும். மடங்காத 2டி.எஸ். கருவியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடியை மூடுவதற்குப் பதிலாக அதில் ஒரு தள்ளுவிசை உண்டு. வேலை நடக்கும், ஆனால் இந்த விளையாட்டின் அழகான ஒரு கணம் அங்கே உயிரிழந்துவிடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: சென்னையில் எங்கே தேடுவது

நேராகச் சொல்லிவிடுகிறேன்: கடைக்குப் போய் "ஹோட்டல் டஸ்க் இருக்கிறதா" என்று கேட்டு வாங்கிவரும் நிலை இல்லை. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் பழைய கையடக்கக் கருவி எப்போதாவது கண்ணில் படும். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களின் பிழைப்புக்காக உருவான அந்தக் கடைவரிசையில் ஒருகாலத்தில் வெளிநாட்டு மின்னணுப் பொருள் எதுவும் கிடைக்கும் என்பார்கள். இப்போது செல்பேசி உதிரிகளே அதிகம். கருவி கிடைத்தாலும் இந்தக் கேட்ரிட்ஜ் கிடைப்பது அரிது.

எனக்குக் கைகொடுத்தது உறவுதான். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் சித்தி மகனிடம் சொல்லிவைத்தேன். அவன் அங்கே பழைய விளையாட்டு விற்கும் கடையில் வாங்கி, ஊருக்கு வரும்போது சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். சென்னையில் வெளிநாட்டு உறவு இல்லாத குடும்பம் குறைவு. சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று யார் எங்கே இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். டி.எஸ். கேட்ரிட்ஜ்களுக்கு நாட்டு எல்லை கிடையாது: அமெரிக்கப் பதிப்போ ஐரோப்பியப் பதிப்போ, எந்த டி.எஸ். கருவியிலும் ஓடும். ஜப்பானியப் பதிப்பை மட்டும் அவசரத்தில் வாங்கிவிட வேண்டாம். வாசிக்கவே வேண்டிய விளையாட்டில் மொழி தெரியாமல் ஒரு அடி நகர முடியாது.

ரிச்சி தெருவை இதோடு மறந்துவிட வேண்டாம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழையும் அந்தச் சந்துகளில் விளையாட்டு கிடைக்காவிட்டாலும், அதைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கத் தேவையான எல்லாம் கிடைக்கும்: மூன்று கூர்முனை கொண்ட திருப்புளி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மின்னழுத்தம் குறைக்கும் மாற்றி. பட்டியல் எழுதிக்கொண்டு காலையிலேயே போங்கள். மாலைக் கூட்டத்தில் ஒரு கடைக்காரரிடம் நின்று பேச முடியாது.

மூன்றாம் படி: வாங்கும் முன் தொட்டுப் பாருங்கள்

பழைய கருவியை வாங்கும்போது எல்லோரும் திரையில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இந்த விளையாட்டுக்கு வேறு மூன்று உறுப்புகள் முக்கியம்: தொடுதிரை, மைக், மூடி. மூன்றையும் புதிர்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒன்று பழுதானாலும் நடுவழியில் நிற்பீர்கள்.

தொடுதிரைக்கு, கருவியின் அமைப்புப் பகுதிக்குள் போய் அளவுதிருத்தம் செய்து பாருங்கள். நான்கு மூலைகளிலும் ஸ்டைலஸ் என்ற தொடுகுச்சியை வைத்த இடத்திலேயே புள்ளி விழ வேண்டும். மூடிக்கு, ஏதேனும் ஒரு விளையாட்டை ஓடவிட்டு மூடுங்கள். ஒலி நின்று கருவி உறங்க வேண்டும், திறந்ததும் விட்ட இடத்தில் விழிக்க வேண்டும். மைக்கைச் சோதிக்க, ஊதினால் அசையும் ஏதாவது விளையாட்டு விற்பவரிடம் இருந்தால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டி.எஸ். லைட்டின் வலப்பக்கக் கீல் விரிசல் விடுவது பரவலான குறை. மெல்லிய கோடு என்றால் சமாளிக்கலாம். மூடி தளர்ந்து ஆடினால் வேண்டாம். புத்தகம்போல் பிடிக்கும்போது எடை முழுவதும் அந்தக் கீலில்தான் இறங்குகிறது.

டி.எஸ். விளையாட்டுகளில் போலிக் கேட்ரிட்ஜ் ஏராளம். ஒட்டுத்தாளின் அச்சு மங்கலாக, எழுத்து கலங்கியிருந்தால் எச்சரிக்கை. போலியில் பெரும்பாலும் சேமிப்புதான் முதலில் கெடும். பதினைந்து மணிநேரத்துக்கு மேல் ஓடும் கதையில் சேமிப்பு அழிவதைவிடக் கொடுமை வேறில்லை. முதல் பத்து நிமிடம் ஆடி, சேமித்து, அணைத்து, மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: மின்சாரம்

இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் டி.எஸ். லைட் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். சித்தி மகன் வந்த அன்றே, "அண்ணா, இதைத்தான் அங்கே மூன்று வருடமாகப் பயன்படுத்தினேன், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிச் செருகினான். அரை நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. கருவி தப்பியது பெரும் அதிர்ஷ்டம். செல்பேசி, மடிக்கணினிச் சார்ஜர்கள் எந்த மின்னழுத்தத்துக்கும் ஒத்துப்போவதால் வந்த பழக்கம் அது, இங்கே செல்லாது. எளிய வழி, யு.எஸ்.பி. முனை கொண்ட டி.எஸ். லைட் மின்கம்பி ஒன்று வாங்கி, நல்ல செல்பேசி சார்ஜரில் செருகுவது. டி.எஸ்.ஐ., 3டி.எஸ். இரண்டின் முனையும் லைட்டின் முனையிலிருந்து வேறுபட்டது என்பதால் கருவியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் உடனே மாற்றுங்கள். லைட்டில் ஒரே ஒரு திருகாணி கழற்றினால் போதும். நல்ல பேட்டரி என்றால், மிகக் குறைந்த வெளிச்சத்தில் 15 மணிநேரத்துக்கு மேல் தாங்கும் என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. அதன் அருமை 2023 டிசம்பரில் எனக்குத் தெரிந்தது. மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர், இரண்டு நாள் மின்சாரம் இல்லை, செல்பேசியில் சிக்னல் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்றாம் முறையாக ஹோட்டல் டஸ்க்கைத் திறந்தேன். வெளியே மழை, உள்ளே 1979-இன் டிசம்பர் இரவு. பழைய பேட்டரி இரண்டு நாளையும் ஓட்டிக் கொடுத்தது.

கடற்காற்றுக்கும் ஒரு வார்த்தை. திருவான்மியூர், சாந்தோம், எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்ரிட்ஜின் பொன்னிறத் தொடுமுனைகள் சீக்கிரம் மங்கும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகு செருகுங்கள். வாயால் ஊதுவது வேண்டாம். எச்சில் ஈரம் நிலைமையை மோசமாக்கும். காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உறையில் போட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: எப்போது, எப்படி உட்காருவது

கதை மாலை ஐந்து மணி அளவில் தொடங்கி விடியும்வரை பத்து அத்தியாயங்களாக நகர்கிறது. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் பத்து இரவுகள். எனக்கு முதல்முறை ஏறத்தாழ 18 மணிநேரம் ஆனது. மார்கழியில் ஆடுங்கள் என்பேன். கதையின் காலமும் அதுதான். சென்னையில் மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்காரக்கூடிய சில வாரங்களும் அவைதாம். மின்சார ரயில் நெரிசலில், தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே பத்து நிமிடம் பத்து நிமிடமாக ஆடினால் இது பிடிபடாது. யார் என்ன சொன்னார்கள் என்பது மறந்துபோகும்.

காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். சடோஷி ஒகுபோவின் இசை அடக்கமானது. பியானோவும் மெல்லிய தாளமும் விடுதியின் கூடத்தில் உலவிக்கொண்டே இருக்கும். கருவியின் சிறிய ஒலிபெருக்கி அதில் பாதியைத் தின்றுவிடுகிறது.

ஆங்கிலம் கடினமா என்று பலர் கேட்கிறார்கள். வாக்கியங்கள் குறுகியவை, அன்றாடப் பேச்சு. எழுத்து நிதானமாகத்தான் திரையில் விழும். விரைந்து படிப்பவர்களுக்கு அது எரிச்சல் தரலாம், அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தை ஒரு வார்த்தை ஒரு வார்த்தையாகக் கோத்துப் படிப்பவர்களுக்கு அதே வேகம் வரம். என் அக்கா மகள் பத்தாம் வகுப்பில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை ஆடி முடித்தாள்.

ஆறாம் படி: முதல் ஒரு மணிநேரம்

தொடுதிரையில் விடுதியின் தரைப்படம் மேலிருந்து பார்த்ததுபோல் தெரியும். மறு திரையில் கைலின் கண்ணால் காணும் காட்சி. ஸ்டைலஸால் இழுத்தால் கைல் நடப்பார். ஏதாவது பொருளருகே நின்றால் உற்றுப் பார்க்கும் குறியும், கதவருகே நின்றால் கதவுக் குறியும், ஆள் அருகே நின்றால் பேசும் குறியும் ஒளிரும். இவ்வளவுதான் கற்க வேண்டியது.

அறைக்குள் போனதும் அவசரப்படாமல் எல்லாவற்றையும் பாருங்கள்: கட்டில், மேசை, குளியலறை, சுவர். கைல் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்வார். அந்த முணுமுணுப்புகளில்தான் அவருடைய மூன்றாண்டுக் களைப்பு முழுவதும் இருக்கிறது. தொலைபேசியையும் மறக்காதீர்கள், முதலாளி எட் என்பவரும் அலுவலகத்து ரேச்சலும் அடுத்த முனையில் இருக்கிறார்கள். ரேச்சலின் குரலைக் கேட்கவே முடியாது, எழுத்துதான் வரும், ஆனாலும் அவளுடைய கரிசனம் எனக்குக் காதில் கேட்கிறது.

கைலின் கையில் ஒரு குறிப்பேடு உண்டு. அது உங்களுக்கு உரியது. ஸ்டைலஸால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், வரையலாம்; விசைப்பலகை இல்லை, உங்கள் கையெழுத்து அப்படியே நிற்கும். ஆகவே தமிழில் எழுதுங்கள். 1979-இல் நெவாடா விடுதியில் ஒரு முன்னாள் நியூயார்க் காவலரின் குறிப்பேட்டில் "கிழவி எதையோ மறைக்கிறாள்" என்று என் கோணல் எழுத்தில் எழுதியபோது அந்த விளையாட்டு என்னுடையதாகிவிட்டது. இதைவிட எளிமையாக, இதைவிட முழுமையாக ஒரு விளையாட்டு எந்த மொழிக்காரரையும் உள்ளே அழைத்ததை நான் பார்த்ததில்லை. எண்கள், கண்ட சின்னங்கள், யார் யாருக்கு உறவு என்பதையெல்லாம் அங்கேயே குறித்து வையுங்கள், பின்னால் கேட்கும்.

ஏழாம் படி: கேட்கத் தெரிவது

மற்ற எல்லாப் படிகளும் இந்தப் படிக்காகத்தான்.

பேச்சின் நடுவே சில இடங்களில் விளையாட்டு இரண்டு வழிகளைக் காட்டும்: அழுத்திக் கேட்கலாம், அல்லது விட்டுக்கொடுக்கலாம். பேச்சில் திரண்ட கேள்விகள் வரிசையாக நிற்கும். எதை எடுப்பது உங்கள் முடிவு. தவறான கேள்வி கேட்டால் எதிராளி முகம் சுளிப்பார். தொடர்ந்து தவறினால் விடுதி உரிமையாளர் டன்னிங் ஸ்மித் கைலைத் துரத்திவிடுவார், ஆட்டம் முடிந்தது. சாவு கிடையாது, வெடிப்பு கிடையாது. ஒரு மனிதரைப் புண்படுத்தியதற்காக வெளியே அனுப்பப்படுகிறீர்கள். தோல்விக்கு இவ்வளவு நியாயமான ஒரு காரணத்தை வேறு எந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை. சற்று முன்னிருந்து மறுபடி தொடங்கலாம் என்பதால் பயப்பட வேண்டாம்.

தோற்காமல் இருக்க நான் கற்றது இதுதான். ஆளைப் பார்த்துக் கேள்வியை மாற்றுங்கள். லூயி டினொனோ விடுதிப் பணியாளன். நியூயார்க்கில் ஜேப்படித் திருடனாகத் திரிந்த காலத்திலிருந்தே கைலுக்குத் தெரிந்தவன். அவனிடம் காவலர் குரலில் மிரட்டலாம், அவன் அதை எதிர்பார்க்கிறான். அதே குரலில் பணிப்பெண் ரோசாவிடம் பேசினால் கதை கந்தலாகிவிடும். அவள் வாய் கடுமை, மனம் வேறு. அவளை வேலை செய்யவிட்டுப் பேசுங்கள். எழுத்தாளர் மார்ட்டின் சம்மர் புகழ்ச்சியில் திறப்பார். ஒரு கண்ணை மூடிய கட்டுடன் வரும் ஹெலன் பார்க்கர் அம்மாள் கேள்விக்குப் பதில் கேள்வி கேட்பவர். நீங்களும் உண்மை சொன்னால்தான் அவர் சொல்வார். சிறுமி மெலிசாவிடம் மட்டும் துப்பறியவே கூடாது. அவளுக்கு வேண்டியது பேச ஓர் ஆள். அவள் அப்பா கெவினின் சிடுசிடுப்பைக் கண்டு அவரை வில்லன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன், ஐந்தாவது முறை யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

வாய் பேசாத பெண் மிலாவிடம் என்ன செய்வது? ஆம், இல்லை என்று தலையசைப்பில் பதில் வரும்படி கேட்க வேண்டும். ஒரு பேச்சு விளையாட்டின் மையத்தில் பேசாத ஒருத்தியை வைத்தது கதையாசிரியர் ரிகா சுசுகியின் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன்.

பொதுவாக ஒருவர் குரல் தாழ்ந்து, முகத்தைத் திருப்பினால் விட்டுக்கொடுங்கள். ஒருவர் நிமிர்ந்து பொய் சொன்னால் அழுத்துங்கள். முகத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது சும்மா அல்ல. தைசுகே கனசாகியின் தலைமையில் பாத்திரங்களை ரோட்டோஸ்கோப்பிங் முறையில் வரைந்திருக்கிறார்கள்: நிஜ மனிதரின் அசைவைப் படம்பிடித்து, அதன்மேல் சட்டகம் சட்டகமாகக் கோடு இழுப்பது. ஆகவே அசையாமல் நிற்கும்போதும் பென்சில் கோடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். தோள் தளர்வது, பார்வை விலகுவது, உதட்டைக் கடிப்பது எல்லாம் மனித அளவில் நடக்கும். பொய்யைக் கண்டுபிடிக்கும் தடயம் பல நேரம் வார்த்தையில் இல்லை, அந்தக் கோடுகளில் இருக்கிறது.

பிறர் அறைக்குள் அனுமதியின்றி நுழைந்து துழாவினாலும் வெளியேற்றம்தான். நம் மேன்ஷன்களிலும் அப்படித்தானே.

ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் கைல் தனக்குத்தானே கேள்வி கேட்டு, அதுவரை அறிந்ததை அடுக்கிப் பார்ப்பார். அதைத் தடை என்று எண்ண வேண்டாம். படுக்கப் போகும் முன் அதுவரை முடித்துவிட்டு மூடினால், மறுநாள் கதை கையை விட்டு நழுவியிருக்காது.

எட்டாம் படி: வழி தெரியாமல் நிற்கும்போது

நிற்பீர்கள். விளையாட்டின் உண்மையான பலவீனம் இதுதான்: அடுத்த நிகழ்ச்சி தொடங்க, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அது எது என்று சொல்லமாட்டார்கள். ஆகவே ஒரு சுற்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 215-க்குத் திரும்புங்கள். பாதி நேரம் யாராவது கதவைத் தட்டக் காத்திருப்பார்கள். பிறகு மாடி நடைகூடம் முழுவதும் ஒரு நடை, கீழே வரவேற்பு மேசை, உணவுக்கூடம், மதுக்கூடம். ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். அப்படியும் நகராவிட்டால் பையிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஒன்றில் நீங்கள் கவனிக்காத ஏதாவது இருக்கும். இணையத்தில் விடையைத் தேடுவதைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு விடை தேடப் போய் மூன்று ரகசியங்கள் கண்ணில் பட்டுவிடும், இந்தக் கதையில் ரகசியம்தான் மூலதனம்.

புதிர்கள் பெரும்பாலும் எளியவை. விரலால் செய்வதைத் திரையில் செய்தால் போதும். ஒன்றைப் பற்றி மட்டும் சாடையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பலர் கேட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். மெலிசாவின் படத்துண்டுகளைச் சேர்த்து முடித்ததும், அதன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். திரையில் எங்கே தட்டினாலும் திரும்பாது. கையில் பிடித்திருப்பது ஒரு புத்தகம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் சொல்லமாட்டேன். அந்தக் கணத்தில் கண்ணாடித் திரைக்கும் உங்கள் கைக்கும் நடுவே இருந்த சுவர் விழுந்துவிடும். 2டி.எஸ். வேண்டாம் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

ஒன்பதாம் படி: முடித்த பிறகு

முடிவு வந்ததும் உடனே அணைத்துவிடாமல் பெயர்ப்பட்டியல் ஓடுவதை இருந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி முதல் அத்தியாயத்தைத் திறந்தால், டன்னிங்கின் ஒவ்வொரு சொல்லும் வேறு பொருளில் கேட்கும். நான் மூன்று முறை ஆடியதற்கு அவர்தான் காரணம்.

அடுத்து 'லாஸ்ட் விண்டோ: தி சீக்ரெட் ஆஃப் கேப் வெஸ்ட்'. 2010-இல் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வந்தது, அமெரிக்காவுக்கு வரவே இல்லை. ஆகவே இம்முறை லண்டன் பக்கத்து உறவினரைத்தான் கேட்க வேண்டும். ஹோட்டல் டஸ்க்கைவிட விலை மிகுதியாகத்தான் இருக்கும். பழைய கேட்ரிட்ஜ் என்றால் ஒட்டுத்தாளையும் சேமிப்பையும் முன்போலவே சோதித்துப் பாருங்கள். அதே நிறுவனம் 2005-இல் தொடங்கிய 'அனதர் கோட்' தொடருக்கு 2024 ஜனவரியில் ஸ்விட்ச் கருவியில் மறுவாழ்வு கிடைத்தது. கைல் ஹைடுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. பழைய கேட்ரிட்ஜைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

லாஸ்ட் விண்டோ நடப்பது 1980-இல், லாஸ் ஏஞ்சலீஸில் இடிக்கப்படவிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். கைல் அங்கே குடியிருக்கிறார். மற்ற குடித்தனக்காரர்களும் காலி செய்யும் அறிவிப்புடன் இருக்கிறார்கள். நான் இருந்த மேன்ஷனையும் சில ஆண்டுகளுக்கு முன் இடித்தார்கள். ஹார்மோனியக்காரர் அதற்கு வெகுமுன்பே ஊருக்குப் போய்விட்டார். அந்த விளையாட்டுக்குள்ளேயே ஒரு நாவல் இருக்கிறது. நீங்கள் ஆடிய பகுதி அத்தியாயம் அத்தியாயமாக அதில் திறந்துகொண்டே வரும். ஒவ்வொன்றையும் திறந்த இரவே படித்துவிடுங்கள், சேர்த்து வைக்க வேண்டாம்.